கண் விடாத பாலம்

லாரி பாலத்தை நெருங்குவதற்குள் தகிருவா கதவின் வெளிப்புறத்தில் இரண்டு தட்டு தட்டிவிடுவார். ஓட்டுநர் நிறுத்துவான். அவர் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, பாலத்தின் ஓரமாகக் கடலுக்குள் இறங்கி நடப்பார். தண்ணீர் வற்றியிருந்தால் கணுக்கால் நனையும். ஏறியிருந்தால் இடுப்பு வரை நனையும். அபனூராத் தீவின் வடக்குத் திட்டையும் தெற்குத் திட்டையும் சேர்க்கிற, கடலில் கல் கொட்டி எழுப்பிய அந்தப் பாலத்தைப் போட்டவரே அவர்தான். அதன்மேல் அவர் போய் யாரும் பார்த்ததில்லை.

"மெம்பருக்கு உப்புத்தண்ணி வைத்தியம்" என்று லாரியில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். "மூட்டுவலிக்கு நல்லதும்மா" என்று அவரும் கீழேயிருந்தே பதில் சொல்வார். அவருக்கு மூட்டுவலி கிடையாது. அது அவர் மனைவி அகெனாத்தாவுக்குத் தெரியும். லாரி அக்கரையில் போய்க் காத்து நிற்கும். அவர் நனைந்த கோழிபோல ஏறி வந்து மறுபடி முன்சீட்டில் உட்காருவார்.

ஆள் உயரம். முதுகு மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து கொஞ்சம் வளைந்துவிட்டது. தலைநகரத்திலிருந்து தீவுக்குக் கிளம்பும்போது பெட்டி நிறையச் சட்டை இருக்கும். திரும்பும்போது உடம்பில் இருப்பது தங்கினால் அதிர்ஷ்டம். உறவுக்காரன் ஒருவன் வாயெடுத்து 'புபுசி' என்று கேட்டுவிட்டால் அந்த ஊரில் கொடுத்தாக வேண்டும். கேட்டவனுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இல்லை என்று சொன்னவன்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அலைவான். சின்னத் தீவில் உறவில்லாதவன் யார்? சட்டை, சவரக் கத்தி, கைக்கடிகாரம், ஒருமுறை போட்டிருந்த மூக்குக்கண்ணாடி எல்லாம் போயிருக்கின்றன.

"இவரக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு துணிக்கடையக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள் அகெனாத்தா. "அதையாவது ராத்திரியில பூட்டி வைப்பாங்க."

அரசாங்கப் பணிகள் இலாகாவில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். அந்தக் காலத்தில் அவர் வாயில் ஒரு வாக்கியம்தான். "எழுத்துல வரட்டும்." கூரைத் தகரம் வேண்டும், ஒரு மூட்டை சிமெண்ட் வேண்டும் என்று சித்தப்பாவும் ஒன்றுவிட்ட மாமாவும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள். அவர் எழுந்து நின்று, கையைப் பிடித்து உட்காரவைத்து, கடைசியில் அதைச் சொல்வார். யார் தன் சொந்த மருமகனுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வருவான்? எழுதினால் கேவலம், எழுதாவிட்டால் தகரம் இல்லை. மறுத்த பாவமும் இவர்மேல் விழாது. அரசாங்கச் சொத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாத ஆள் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் அவரை மேசை மேசையாக ஏற்றி, கடைசியில் இலாகாச் செயலர் நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

செயலரானதும் வாக்கியம் சுருங்கி "வரட்டும்" என்று ஆனது. நாடாளுமன்ற மெம்பரான பிறகு "ஆகட்டும்". அகெனாத்தா இதையும் கவனித்து வைத்திருக்கிறாள். "உத்தியோகம் ஏற ஏற வார்த்தை கொறஞ்சுக்கிட்டே வருது. மந்திரியாயிட்டா ஊமையாயிடுவாரு."

ஆனால் செயலராக இருக்கும்போதே ஒருமுறை 'ஆகட்டும்' சொன்னார். அது பாலத்துக்குத்தான்.

அபனூராவில் திருச்சபையின் நூற்றாண்டு விழா வர இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கப்பலேறித் தலைநகரத்துக்கு வந்து, செயலர் வீட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். பாடினார்கள், பதநீர் குடித்தார்கள், அகெனாத்தாவின் அரிசி மூட்டையைக் காலி பண்ணினார்கள். கிளம்புகிற நாளில், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, பெதேரோ எழுந்தார். ஊர்க்கூடமான மனியாபாவில் முதல் வார்த்தை பேசுகிற கிழவர் அவர். "விழாவுக்கு முன்னால லாரி பாலத்துமேல ஓடணும், மகனே. இது எங்க எல்லாரோட புபுசி."

எழுத்தில் வரட்டும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அப்பா இல்லாத பையனாக அந்தக் கிழவர்கள் பிடித்த மீனைத் தின்று வளர்ந்தவர் அவர். "ஆகட்டும்" என்றார்.

பாலத்தில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு திட்டுக்கும் நடுவே ஓடுகிற கால்வாயில் பௌர்ணமியை ஒட்டி இக்காரி மீன் கூட்டம் கூட்டமாக வெளிக்கடலுக்குப் போய் முட்டையிட்டுத் திரும்பும். அபனூராவே அந்த மீனால்தான் பெயர் வாங்கியது. பாலத்துக்கு வரைபடம் போட்ட சின்ன வயசுப் பொறியாளன் ஒருநாள் செயலர் அறைக்குள் வந்து நின்றான். "நாலு எடத்துல பெரிய குழாயப் பதிச்சுக் கண் விடணும், சார். கண் இல்லாம அடைச்சீங்கன்னா மீன் போகாது. போகலைன்னா வராது." அவன் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. தகிருவா அந்தக் கால்வாயில் வலை இழுத்து வளர்ந்தவர்.

குழாய் ஏற்றிய கப்பல் வேறொரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. விழாத் தேதி நெருங்கியது. "கல்லக் கொட்டி அடைச்சிருங்க" என்றார் செயலர். "குழா வந்ததும் தோண்டிப் பதிச்சுக்கலாம்."

விழாவன்று பூமாலை கட்டிய லாரி பாலத்தின்மேல் ஓடியது. கிழவிகள் அழுதார்கள். குழாய் பிறகு வந்து சேர்ந்தது. இன்னமும் தலைநகரத்துத் துறைமுகத்தின் பின்பக்கம் புல்லுக்குள் கிடக்கிறது. நாய் குட்டி போடுகிறது. ஒருமுறை லாரி ஓடிய பாதையைத் தோண்டுகிறேன் என்று யார் போய் ஊரில் சொல்வது?

அடுத்த பருவத்தில் இக்காரி வரவில்லை. அதற்கு அடுத்ததிலும் வரவில்லை. ஊர் காரணத்தைத் தேடி எங்கேயும் போகவில்லை; காரணம் கண்ணெதிரே இருந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அது பாலம் இல்லை. நவானின் மகள் கையில் இருந்த கூடை.

நவானின் குடும்பம் மீனுக்குச் சொல் சொல்கிற குடும்பம். கால்வாயில் எப்போது வலை இறங்கலாம், எப்போது யாரும் சத்தம் போடக் கூடாது என்று அவர்கள்தான் சொல்வார்கள். முதல் பாடு, அதாவது முதல் வலையில் விழுகிற மீன், மனியாபாவுக்கு வர வேண்டும். ஊர் தின்ற பிறகுதான் வீட்டுக்கு. மீன் கடைசியாக வந்த வருஷம், நவானின் மகள் ஒரேபா தலைநகரத்துக்கு வேலைக்குக் கிளம்பினாள். கப்பல் காத்திருக்காது. நவான் முதல் பாட்டிலிருந்தே ஒரு கூடை மீனை ஓலை போட்டு மூடி அவள் கையில் கொடுத்து அனுப்பினார். கடற்கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மீன் வராமல் போன பிறகு எல்லோருக்கும் அந்தக் கூடை ஞாபகத்துக்கு வந்தது.

அடிக்கிற ஊராக இருந்தாலும் தேவலை. அது யாரையும் அடிக்காது, திட்டாது. நவான் வந்தால் பேச்சு கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். மனியாபாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தூண் உண்டு. நவான் தன் தூணடியிலிருந்து பாயைத் தானே சுருட்டிக்கொண்டு, கூரை தாழ்ந்து மழை சொட்டுகிற ஓரத்துக்குப் போய்விட்டார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஒரேபா அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் வரவேயில்லை.

செயலர் ஓய்வு பெற்றுத் தேர்தலில் நின்றபோது இதெல்லாம் அவர் காதுக்கு வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். "பாலம் போட்ட கை" என்று பாட்டுக் கட்டி ஊர் முழுக்கப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். தேர்தல் முடியட்டும் என்று நினைத்தார். முடிந்தது. நன்றி சொல்லும் கூட்டத்தில் குழப்பம் எதற்கு என்று நினைத்தார். அடுத்த தேர்தலும் வந்து போனது. தள்ளிப்போடுவதில் அரசாங்க ஊழியனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நவானுக்கு அவர் படகு எஞ்சின் கொடுத்தார், சூரிய விளக்கு கொடுத்தார். நவான் ஒவ்வொரு முறையும் அதைவிடப் பெரிதாகத் திருப்பி அனுப்பிவிடுவார். ஈரப்பலா ஒரு சாக்கு, பபாய்க் கிழங்கு, எஞ்சினுக்குப் பதிலாக ஒரு பன்றி. தீவே அவரிடம் புபுசி கேட்டிருக்கிறது. கேட்காத ஒரே ஆள் நவான். அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

தலைநகரத்தில் ஒரேபா ஒரு ரொட்டிக்கடையில் நிற்கிறாள். தகிருவா வீட்டுக்கு எதிர்த் தெருதான். அவர் காலையில் ரொட்டி வாங்க விமான நிலையத்துப் பக்கம் வரை நடப்பார். அகெனாத்தா கேட்டால் நடைக்கு நடை, ரொட்டிக்கு ரொட்டி என்பார்.

"அந்தப் புள்ள உங்கள என்ன கடிச்சா முழுங்கிடுவா?" என்று ஒருநாள் கேட்டாள் அகெனாத்தா. "நானும் பாக்குறேன். பாலத்துமேல போக மாட்டேங்குறீங்க, ரொட்டிக்கடைக்குப் போக மாட்டேங்குறீங்க. ரெண்டுக்கும் ஒரே மூட்டுவலிதான்னு எனக்குத் தெரியாதா?"

மறுநாளும் அவர் விமான நிலையத்துப் பக்கம்தான் நடந்தார்.

இந்த வருஷம் மனியாபாவுக்குப் புதுக் கூரை வேய்ந்தார்கள். கூரை மாறினால் இடங்களை ஒருமுறை வாயால் சொல்லி உறுதிப்படுத்துவது வழக்கம். இன்ன தூண் இன்ன குடும்பத்துக்கு என்று. நவானின் தூணடி வெறுமையாகக் கிடந்தது, பல் விழுந்த வாய்போல. அதை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்து, மீனுக்குச் சொல் சொல்கிற உரிமையையும் அவர்களுக்கே மாற்றிவிடுவது என்று கிழவர்களுக்குள் முடிவாகிவிட்டது. ஆனால் யார் வாயால் சொல்வது? காலமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதனிடம் எப்படிச் சொல்வது? மெம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் வெளியிலிருந்து வருகிறவர். அவர் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தகிருவா வழக்கம்போல நனைந்த கால்சட்டையோடு வந்தார். கொண்டுவந்த புகையிலையைக் கூடத்தின் நடுவில் வைத்தார். மெல்லிய பாயில் உட்காரவைத்துத் தலையில் பூவளையம் சூட்டினார்கள். பாட்டு முடிந்தது, சாப்பாடு முடிந்தது. கூரையின் ஓரத்தில், புது ஓலை வாசனைக்குக் கீழே, நவான் சரளைக் கல்லில் ஒரு துண்டுப் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி கினாய் யார் முகத்தையும் பார்க்காமல் விசிறி பின்னிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என்ன நடக்கப்போகிறது என்று இருவருக்கும் தெரியும்.

"மெம்பர் ஒரு வார்த்த சொல்லணும்" என்றார் பெதேரோ. "அந்தத் தூணு விஷயமா."

தகிருவா எழுந்தார். மனியாபாவில் பேச எழுகிறவன் முதலில் தன்னைத் தாழ்த்திக்கொண்டுதான் தொடங்குவான். நான் முட்டாள், நான் குப்பை, உங்கள் முன்னால் வாய் திறக்க எனக்கு என்ன யோக்கியதை என்று எவ்வளவு கீழே இறங்குகிறானோ அவ்வளவு நல்ல பேச்சாளன்.

"பெரியவங்களே" என்றார் அவர். "இந்த ஊருக்குக் கெடுதல் செஞ்சவன் நான். இந்தத் தண்ணியில இருந்து மீன வெரட்டினவன் நான்தான். உங்க கைச் சோத்தத் தின்னுட்டு உங்க வயித்துல அடிச்சவன்."

கூடம் சொக்கிப்போனது. "ஆகா" என்றார் ஒருவர். "என்னமா எறங்கிப் பேசுறாரு பாரு. படிப்புன்னா அது." கைதட்டினார்கள். பெதேரோ பதிலுக்கு, "நீ கெடுத்தவன்னா நாங்க யாரு, மகனே? கரையில ஒதுங்கின செத்தை. எங்களுக்குப் பாலம் போட்டுக் குடுத்தது ஒன் பெருந்தன்மை" என்றார். மறுபடி கைதட்டல்.

தகிருவா ஓரத்தைப் பார்த்தார். நவானும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கலாம். சொன்னேனே, ஊர் கேட்கவில்லை என்று சாகும்வரை தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கலாம். அந்த எண்ணம் அவருக்கு வரவும் செய்தது. வந்ததே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நான் அடக்கத்துக்குச் சொல்லல" என்றார். சொன்னதையே மறுபடி சொல்வது அந்தக் கூடத்தில் மரியாதை இல்லை. சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். இம்முறை அவர் ஆபீசில் பேசுகிற மாதிரி, அலங்காரம் ஏதும் இல்லாமல் சொன்னார். "பாலத்துல நாலு கண் விடணும்னு பொறியாளர் எங்கிட்ட நேரா வந்து சொன்னாரு. விடலைன்னா இக்காரி வராதுன்னு சொன்னாரு. எனக்கும் தெரியும். குழா வர்றதுக்குள்ள விழா வந்திரும்னு நான்தான் அடைக்கச் சொன்னேன். அப்புறம் தெறக்கல. மீன் வராததுக்குப் பாலம்தான் காரணம். நவான் அண்ணன் இல்ல. தெரிஞ்சே இத்தன நாளு ஒங்க ஓட்ட வாங்கிக்கிட்டு சும்மா இருந்தேன்."

கைதட்டல் இல்லை. கிழவர்கள் பாயில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அந்தக் கப்பல் பயணம், தலைநகரத்துத் தரை, பாடிய பாட்டு எல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"கேட்டது நாங்கதானப்பா" என்றார் பெதேரோ.

"கேக்கறது ஒங்க உரிமை. தெரிஞ்சது எனக்கு மட்டும்தான்."

ஓரத்திலிருந்து நவான் பேசினார். கூடத்தில் அவர் குரல் கேட்டு வருஷக்கணக்கு ஆகிவிட்டதால் எல்லோரும் திரும்பினார்கள்.

"அப்ப அந்தக் கூடை?"

"கூடைக்கும் மீனுக்கும் சம்பந்தம் இல்லண்ணே."

நவான் பெதேரோவைப் பார்த்து, "அப்ப எம்பொண்ணு ஊருக்கு வரலாமா?" என்று கேட்டார்.

பெதேரோவின் கண் பாயைவிட்டு மேலே வரவில்லை. ஊர் அவளை வராதே என்று சொன்னதில்லை. அதனால் யாராலும் வா என்று சொல்லவும் முடியவில்லை. கினாயின் விசிறி மடியில் கிடந்தது.

நவான் எழுந்து, குனிந்து குனிந்து கூடத்தின் நடுவே நடந்து வந்து, தகிருவாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். "மெம்பரு, ஒரு புபுசி."

தகிருவா தலையாட்டினார். என்ன கேட்டாலும் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று அவருக்கு ஒரு நிமிஷம் மனசு லேசாகக்கூட ஆனது.

"ஒம் போனக் குடு."

கொடுத்தார். நவானுக்கு எண் தெரியாது. மகள் கப்பலேறிய பிறகு அவளோடு அவர் பேசியதே இல்லை. கினாய் எழுந்து வந்து மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, யாரோ அழுத்திக் கொடுத்தார்கள். மணி அடிப்பது கூடம் முழுக்கக் கேட்டது. நவான் போனைக் காதில் வைத்தார், எடுத்தார், கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தகிருவாவிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு."

"அண்ணே, நீங்க கூப்பிட்டா அது—"

"நான் சொன்னா நம்ப மாட்டா" என்றார் நவான். குரலில் கோபம் ஏதும் இல்லை. "ஒன் கூடையாலதான் மீன் போச்சுன்னு அவ அம்மா மூலமா சொல்லி அனுப்பினதே நான்தான். ஊருக்கு வந்துராதன்னு சொன்னதும் நான்தான். யாரு சொன்னா சரியா இருக்குமோ அவங்க சொல்லட்டும்."

தகிருவா போனை வாங்கினார். மறுமுனையில் ரொட்டிக்கடையின் சத்தம் கேட்டது, தட்டுகள் மோதுகிற சத்தம், யாரோ சில்லறை கேட்கிற சத்தம். பிறகு, தெரியாத எண், அம்மா கூப்பிடுகிற நேரமும் இதுவல்லவே என்று பயந்த குரல்.

"யாரு? அப்பாவா?"

தகிருவா இடது கையால் தலையிலிருந்த பூவளையத்தைக் கழற்றிப் பாயின்மேல் வைத்தார்.